கூட்டின் மேல் ஒரு படகு

இந்தக் கதை என்னிடம் நேரே வந்ததல்ல. குகநேசன் அண்ணை தன் மனைவி வதனி அக்காவுக்குச் சொன்னது. வதனி அக்கா காய்ந்த உடுப்புகளை மடித்தபடி எனக்குச் சொன்னது. நான் அவர்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவள். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் என் அறைக்கு வெளியேதான் இருக்கிறது, அதனால் அக்காவுக்குச் சொல்லவும் எனக்குக் கேட்கவும் நேரம் கிடைத்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கும் அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. மீன் பிடித்ததும் இல்லை. படகில் இருந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று அண்ணையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா சொன்னவற்றுக்கு இடையில் கிடந்த வெற்றிடங்களை நானே நிரப்பினேன், பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் இவ்வளவு யோசிக்கிறவரோ தெரியாது," என்றார் அக்கா. "ஆனா யோசிச்சா இப்பிடித்தான் யோசிப்பார்." அந்தச் சொல்லை நம்பி, அவரே பேசுவதாக எழுதுகிறேன்.

காற்று இல்லை. தண்ணீர் துடைத்து வைத்த மேசை மாதிரிக் கிடக்கிறது. செந்தூரி படகின் முன்பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி இருக்கிறாள். செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே இரட்டைப் பின்னல். காட்டுக்குள் வந்தும் வதனி எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டிருக்கிறாள், எண்ணெய் வைத்தால் நுளம்பு வழுக்கி விழுமாம். இன்றைக்கு வியாழன். சனிக்கிழமை கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். போன ஞாயிறு, கூடாரத்தின் ஒரு கம்பி எங்கே செருக வேண்டியது என்று தெரியாமல் அதை வெளியே நட்டு அதில் துவாய் காயப்போட்டபோது, வதனி என் காதுக்குள் சொன்னாள், "ஒரு கிழமை ஒரே கூடாரத்துக்க கிடந்தா அவள் உங்களை ஏதாவது கூப்பிடத்தானே வேணும்." கூப்பிடவில்லை. எப்படித்தான் முடிகிறதோ இந்தப் பிள்ளைக்கு, ஒரு மனிதனை ஒரு சொல்லாலும் கூப்பிடாமல் அவனோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் இருக்க. நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பாள். பார்க்காவிட்டால் கரண்டியால் கோப்பையில் தட்டுவாள். மிஞ்சிப் போனால் "இஞ்ச" என்பாள். தாயிடம் பழகியது. வதனி "இஞ்சேருங்கோ" என்பாள், மகள் அதை இன்னும் சுருக்கி "இஞ்ச" என்கிறாள். இரண்டு பேரும் கூப்பிடும்போது நான் ஒரு ஆள் போலவே இல்லை, ஒரு பக்கம், ஒரு திசை. பேக்கரியில் எனக்குப் பெயர் 'நேஸ்'. மேற்பார்வையாளன் போலந்துக்காரன், அவனுக்கு அதற்குமேல் வாய் திரும்பாது. தடியை இப்படிச் சாய்த்து, விரலால் நூலை அழுத்தி, எறியும்போது விரலை எடுக்க வேண்டும். யூடியூப்பில் சொன்னவன் இடக்கையனாக இருக்க வேண்டும், எனக்கு எல்லாம் மறுபக்கமாகப் போகிறது. ரப்பர் புழு மரத்தில் தொங்கியது, என் தொப்பியில் தொங்கியது, செவ்வாய்க்கிழமை வதனியின் சீலைக் கொடியில் தொங்கியது. செந்தூரி சிரித்தாள் அன்றைக்கு. வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் சிரித்தாள். என்னிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே விடயம் இந்தப் பயணம். கூப்பிடாமல்தான் கேட்டாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த எனக்கு முன்னால் வந்து நின்று, "ஏரிக்குப் போய் பாஸ் பிடிக்கலாமோ, வகுப்பில எல்லாரும் போறவை," என்றாள். பாஸ் என்றால் ஒரு மீன் என்று அப்போது எனக்குத் தெரியாது. போகலாம் என்றேன். அன்றிரவே பாண் அடுக்கும்போது ஒரு கிழமை லீவு கேட்டேன். ஆருக்குச் சுகமில்லை என்று கேட்டான் போலந்துக்காரன்.

கூப்பிடவில்லை என்று கவலைப்படுகிறேன், கூப்பிட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறேன், இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. ஏனென்றால் அப்பா என்ற சொல் அவள் வாயில் சும்மா கிடக்கவில்லை. அது ஒருவருடையது. தாசன், அவளைப் பெற்றவர். படம் எங்கள் வீட்டில் சாமித் தட்டில் இல்லை, அங்கே வைத்தால் இறந்தவராகிவிடுவார்; வரவேற்பறையிலும் இல்லை, அங்கே வைத்தால் என் முகம் என்னவாகுமோ என்று வதனிக்குப் பயம்; செந்தூரியின் அறையில், கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சண்டை முடிந்த அன்று ஆமிக்காரர் அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், ஏறினார், யன்னலால் கை காட்டினார், பிள்ளைக்கு அப்போது நடக்கத் தெரியாது. அவ்வளவுதான். அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. இங்கே அப்போது இரவு, நான் எங்கே இருந்தேன்? இதே பேக்கரியில்தான். நூறு தரம் யோசித்திருக்கிறேன். அவர் படிக்கட்டில் கால் வைத்தபோது நான் சூட்டுத் தட்டை இழுத்திருப்பேன். அவருடைய இடம் எனக்கு வர நான் ஒன்றும் செய்யவில்லை, பாண்தான் சுட்டேன், ஆனாலும் வந்துவிட்டது. எங்கள் கலியாணத்தை எழுத அவருக்கு மரணச் சான்றிதழ் வேண்டியிருந்தது. காணாமற்போனவர்களின் மற்றப் பெண்கள் அதை வாங்க மாட்டோம் என்று வீதியோரம் போராட்டம் இருந்தார்கள், வதனி வாங்கினாள், வாங்கி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் அவரை ஒருமுறை இறக்க வைத்தேன். பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிட்டால் இரண்டாம் முறை. கூப்பிடாவிட்டால் நான் சாகும்வரை ஒரு கரண்டிச் சத்தம். இதில் எது வேண்டுமென்று கடவுள் கேட்டால் என்ன சொல்லுவேன்? தண்ணீருக்குள் இருந்து ஏதோ பறவை எழும்பிக் கத்துகிறது, லூன் என்று பிள்ளை சொன்னாள், செத்தவீட்டுக்கு வாறவை படலையடியில் தொடங்குகிற மாதிரி ஒரு கத்தல்.

இழுக்கிறது. நூல் இழுக்கிறது. கல்லில்லை, மரமில்லை, கல் இப்படிப் பக்கவாட்டில் ஓடாது. "தடியை உயத்துங்கோ, உயத்துங்கோ!" செந்தூரி திரும்பிவிட்டாள், முழங்காலில் நிற்கிறாள், படகு ஆடுகிறது, இரு பிள்ளை இரு, எனக்கு நீந்தத் தெரியாது, இரணைமடுக் குளக்கட்டில் வளர்ந்தவனுக்கு நீந்தத் தெரியாதென்று இவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கரையோரத் தண்ணீர் இது, ஆழமில்லை, மணல் தெரிகிறது. வந்துவிட்டது. மண்ணிறமும் பச்சையும், உடம்பில் கோடுகள், கண் சிவப்பு. முழங்கை நீளம். இந்தக் கிழமை பிடித்த எல்லாவற்றையும் பிள்ளை அளந்து, படம் எடுத்து, திருப்பி விட்டுவிட்டாள். ஒவ்வொரு தரமும் கரையில் இருந்து வதனி கத்தினாள், "பிடிக்கிறதும் விடுறதுமோ? அப்ப ஏன் பிடிக்கிறியள், சுகம் விசாரிக்கவோ?" இன்று காலையும் சொன்னாள், "ஏரிக்கரையில இருந்து டின் மீன் கறி தின்னுற ஒரே குடும்பம் நாங்கள்தான். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரி டின்னைப் பாத்திட்டு என்னையும் பாத்தவள்." அதனால் ஒன்றே ஒன்று, அம்மாவுக்காக, என்று பிள்ளை சம்மதித்திருந்தாள். மீன்பிடிப் பருவம் திறந்துவிட்டது, ஒன்று வைத்திருக்கலாம், அறிவிப்புப் பலகையை வாசித்துப் பார்த்தாள். வாளியில் தண்ணீர் அள்ளி மீனை விட்டேன். நான் சிரிக்கிறேன் போலிருக்கிறது, பல்லில் குளிர் படுகிறது. வதனி மிளகாய்த்தூள் போத்தலும் பழப்புளியும் தேங்காய்ப்பால் மாவும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தவள், அவளுக்கு முன்னால் வாளியை வைத்து ஒன்றும் சொல்லாமல் நிற்க வேண்டும். செந்தூரி என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். மீன் வந்த இடத்தைப் பார்த்தாள். நான் துடுப்பைப் போட்டேன்.

முனை திரும்பியதும் எங்கள் கூடாரம் தெரிந்தது, அடுப்படியில் வதனி தெரிந்தாள். வாளிக்குள் மீன் ஒரு பக்கம் சாய்ந்து வாயைத் திறந்து மூடுகிறது. ஏன் பிள்ளை பேசவில்லை? மீனைப் பார்த்துப் பாவப்படுகிறாளோ? நான் ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனோ? அளக்கக்கூட இல்லையே. என் மனம் உடனே அங்கேதான் போகும், எங்கே பிழை, எங்கே பிழை என்று, விசா நேர்முகத்துக்கு இருந்த நாள்முதல் பழகிப்போன ஓட்டம். கரைக்கு இன்னும் கொஞ்சம். அப்போது அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அது அப்பா மீன்."

துடுப்பு தண்ணீருக்குள் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அவள் வாயால் நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. மூன்று வருடம் அந்தச் சொல்லை எனக்கு முன்னால் சொல்லாமல் பக்கத்தால் நடந்துபோனவள். "என்ன பிள்ளை?" என்றேன்.

"பிடிச்ச இடத்தில கீழ வட்டமா வெள்ளையா இருந்தது. சுளகு மாதிரி. அது கூடு. அம்மா மீன் முட்டை போட்டிட்டுப் போயிடும். அப்பா மீன்தான் காவல் நிக்கும். அவர் இல்லாட்டி மற்ற மீனெல்லாம் வந்து திண்டிடும்."

"தாய்தானே பிள்ளை காவல் இருக்கும்?"

"எல்லாத்திலயும் இல்லை."

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே?"

அவள் பின்னலின் நுனியைக் கடித்தாள். "நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள்."

இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். படகுக்குள் இடமில்லை இதற்கு. பார்த்திருக்கிறாள். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்து, வாளியைப் பார்த்து, என் பல்லைப் பார்த்து, மூன்றையும் எடைபோட்டு, அந்த முட்டைகளைவிட என் சிரிப்பைப் பெரிதாக வைத்திருக்கிறாள், முனை திரும்பும்வரைக்கும். பிறகு தாங்கவில்லை. நான் படகைத் திருப்பினேன். துடுப்பு எனக்கு ஒழுங்காகப் பிடிபட்டது இந்தக் கிழமையில் அப்போதுதான். கரையில் வதனி கை ஆட்டுகிறாள், "எங்க போறியள்? உலை கொதிக்குது!" கேட்காத மாதிரிப் போகிறேன். வாளிக்குள் சாய்ந்து கிடக்கிறவரே, கொஞ்சம் பொறும். அவர் என்று நானும் சொல்லத் தொடங்கிவிட்டேன். பிள்ளை வாளிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறாள், கையால் அள்ளி அள்ளி. இடம் இதுதானா? அந்தச் சாய்ந்த பைன் மரம், ஓம். இதோ வட்டம். வட்டத்துக்கு மேலே உள்ளங்கை அளவில் சன்ஃபிஷ் என்கிற சின்ன மீன்கள், மஞ்சள் வயிற்றோடு, தலைகீழாக நின்று கொத்துகின்றன, சோற்றுப் பானைக்குள் பூனை தலை விட்ட மாதிரி. "ஐயோ," என்றாள் பிள்ளை. நான் துடுப்பால் தண்ணீரை அடித்தேன். ஓடின. வாளியைச் சரித்தோம். மீன் ஒரு கணம் அப்படியே கிடந்தது, பிறகு வாலை அசைத்தது, பிறகு கூட்டைப் பார்க்காமலே ஆழத்துக்குள் போய்விட்டது.

போய்விட்டது. சன்ஃபிஷ்கள் திரும்பி வந்தன. அடித்தேன். ஓடின. வந்தன. அவள் மற்றத் துடுப்பை எடுத்து முன்பக்கத்தால் அடிக்கிறாள். மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறோம், நான் ஒரு தரம், அவள் ஒரு தரம். வெயில் ஏறுகிறது. தொடையில் நுளம்பு. ஆருடைய முட்டை இது? என் ஊரும் இல்லை, என் மீனும் இல்லை, ஒரு பேக்கரிக்காரன் கனடாவின் ஏதோ ஒரு மூலையில் மீன் முட்டைக்கு வயல்காவல் நிற்கிறான். அம்மா இருந்தால் சொல்லிச் சிரிப்பாள். அம்மா இருந்தால் என் பெயரை முழுதாகச் சொல்லுவாள், கு-க-நே-சன் என்று, சந்தையில் இருந்து வரும்போது ஒழுங்கை முடக்கிலேயே தொடங்குவாள், நான் வந்து பையை வாங்கவேண்டும். அவள் போனதிலிருந்து அந்தப் பெயரை ஆரும் முழுதாகச் சொல்லிக் கேட்டதில்லை. போகட்டும். அடி. ஓடு. வா. அப்போது செந்தூரி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவர் திரும்பி வருவாரோ?"

மீனைத்தான் கேட்கிறாள். மீனைத்தான். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எந்த அறையில் விழுந்தாலும் மற்ற அறையில் ஆள் நிமிரும். ஊரில் வதனியின் சொந்தக்காரர் எல்லாம் வருவார் வருவார் என்றுதான் இவளை வளர்த்தார்கள், சாத்திரி சொன்னான், கோயிலில் பூக் கேட்டார்கள். கந்தோர்க்காரர் வரமாட்டார் என்று முத்திரை குத்தினார்கள். வருவார் என்று நான் சொன்னால் என் குரலில் ஏதோ ஒன்று நொண்டும், பிள்ளைக்குத் தெரிந்துவிடும். வரமாட்டார் என்று சொல்ல நான் ஆர்? எல்லாரையும்விட எனக்குத்தான் அதைச் சொல்ல உரிமை இல்லை. அவர் வந்துவிட்டால் என்று எத்தனை இரவு விழித்திருக்கிறேன், கதவைத் திறப்பது நானாக இருந்தால் என்ன சொல்லுவது, உள்ளே வாங்கோ என்றா, இது உங்கட வீடு என்றா. தேத்தண்ணி போடுவேனா. சீனி எத்தனை கரண்டி என்று வதனியிடம் கேட்பேனா. மூன்று வருடமாக இந்தக் கதவடியிலேயே நின்றுவிட்டேன், இதற்கு அங்கால் என் யோசனை போனதில்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன், கையில் ஒரு துடுப்போடு. துடுப்பில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"தெரியாது பிள்ளை," என்றேன். "எனக்குத் தெரியாது. ஆனா வரும்வரைக்கும் நாங்கள் இஞ்ச நிக்கலாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். தெரியாது என்று அவளிடம் எந்தப் பெரிய ஆளும் இதுவரை சொல்லவில்லைப் போலிருக்கிறது, அப்படி ஒரு பார்வை. தலையை ஆட்டினாள். ஒரு சன்ஃபிஷ்ஷை அடித்துக் கலைத்தாள். பிறகு, ஏதோ இவ்வளவு நேரமும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்த மாதிரி, "உங்களை நான் அப்பா எண்டு கூப்பிட ஏலாது," என்றாள். "அவர் வந்தா, நான் ஆரைக் கூப்பிடுறன் எண்டு தெரியாமல் நிப்பார்."

"ஓம்," என்றேன். "சரிதான்." சரிதான். நெஞ்சுக்குள் இவ்வளவு நாளும் முறுகிக் கிடந்தது ஒன்று அவிழ்கிறது, எங்கே வலிக்கிறதென்று பார்க்கிறேன், வலிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வருகிறது. இவ்வளவு லேசா அது? "சித்தப்பா எண்டு சொல்லலாமே," என்றேன்.

"சித்தப்பா ஜேர்மனியில இருக்கிறார். எப்ப வீடியோ எடுத்தாலும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்."

"அங்கிள்?"

"ஸ்கூல் பஸ் ஓட்டுறவரும் அங்கிள்தான்." யோசித்தாள். "பேர் சொல்லட்டோ?"

"அம்மா வாயில போடுவா."

"அம்மா சொல்லுறேல்ல. நானும் சொல்லுறேல்ல. வீட்டில ஆராவது உங்கட பேரைச் சொல்ல வேணுமெல்லோ?"

தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டேன், வெயில். "முழுப் பேரையும் சொல்லுங்கோ," என்றேன். "அரைவாசியைப் பேக்கரியில வச்சிருக்கிறாங்கள்."

அவள் சொல்லவில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது. துடுப்பை எடுத்தோம், அடித்தோம். இன்னும் கொஞ்ச நேரம். பிறகு ஆழத்தில் இருந்து ஒரு நிழல் மேலே வந்து, படகின் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது. கோடுகள். சிவப்புக் கண். "குகநேசன்!" என்றாள் பிள்ளை, மெதுவாக, ஆனால் முழுதாக, ஒரு எழுத்தும் விழாமல். "குகநேசன், பாருங்கோ, உதட்டில காயம். அவர்தான்." அவர்தான். சன்ஃபிஷ்களுக்குள் ஒரு பாய்ச்சல் பாய்ந்தார், மணல் கிளம்பியது, அடங்கியபோது வட்டத்துக்கு மேலே அவர் மட்டும் நின்றார், செட்டையை மெதுவாக அசைத்துக்கொண்டு. கீழே முட்டை எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் எண்ணத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் போடாமல் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

அக்கா சொன்ன மிச்சம் இது. வெறும் வாளியோடு இருவரும் கரைக்கு வந்தார்களாம். கறிச்சட்டியில் பழப்புளி கரைத்து ஊற்றித் தயாராக இருந்ததாம். "மீன் எங்க?" என்று அக்கா கேட்க, "குகநேசன் கொண்டுபோய் விட்டுட்டார், அம்மா," என்றாளாம் செந்தூரி. "ஆரடி குகநேசன்?" என்று அக்கா கேட்டே விட்டார். கேட்ட பிறகுதான் உறைத்ததாம். அகப்பையை ஓங்கிக்கொண்டு, "பேர் சொல்லுறியோ? வாயில போடுவன்!" என்று கத்த, அண்ணை காரின்மேல் கைவைத்துச் சிரித்தாராம், அப்படி அவர் சிரித்து அக்கா பார்த்ததில்லையாம். அந்தப் புளியில் அன்றும் டின் மீன்தான் போட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அக்கா ஒரு துவாயைத் திரும்பத் திரும்ப மடித்தார். "நானும் ஒருக்காச் சொல்லிப் பாத்தன்," என்றார், "காருக்குப் பின்னால நிண்டு. ஆருக்கும் கேக்கேல்ல."

செந்தூரி சொன்னது சரியா என்று நான் பிறகு தேடிப் பார்த்தேன். சரிதான், காவல் நிற்பது ஆண் மீன்தான். முட்டை பொரித்துக் குஞ்சுகள் தனியே போகும்வரை நிற்கும், அந்த நாட்களில் அநேகமாக எதுவும் தின்பதில்லை. தூண்டில் புழுவை அது கவ்வுவது பசியால் அல்ல; கூட்டுக்குக் கிட்ட வந்த ஒன்றை அங்கிருந்து அப்புறப்படுத்தத்தான் கவ்வுகிறது.